வீட்டை அளந்து திரையை வாங்குவோம்

(தில்லித் தமிழ் அன்பர்களின் குடும்ப மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு, ஆண்டு விழா மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)





சங்கத்தின் செயலாளர் என்னிடம் வந்து, "இவ்வாண்டு குடும்ப மாலையில் நீங்கள் ஏதேனும் ஒரு பொருள் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டபொழுது, இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை, அரசியல் பேசும் விருப்பமும் இல்லை என்று கூறித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. "உங்கள் வீட்டில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கினீர்களே, அதைப் பற்றியே பேசுங்கள். இந்தக் காலனியில் இவ்வாண்டு பத்து வீட்டிலாவது புதுப் பெட்டி வாங்கப்போகிறார்கள்" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னார். ஆனால் நான் அந்தப் பெட்டியை வாங்கியதில் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்தபொழுது, அவற்றைப் பிறர் செய்யாமல் தடுப்பதும் ஒரு தொண்டுதான் என்று தோன்றியது. ஆகவே உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். நாம் வாழும் இத்தில்லி மாநகரத்திற்கும் தொலைக்காட்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்திய நாட்டில் தொலைக்காட்சி முதன்முதலில் தோன்றியது இந்நகரிலேதான். 1959 செப்டம்பர் 15 ஆம் நாள் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கிய அது, 1965 இல் நாள்தோறும் நடைபெறும் ஒளிபரப்பாயிற்று. சென்னைக்கு அது சென்று சேர்ந்தது 1975 இல். வண்ண ஒளிபரப்பு வந்தது 1982 இல். ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இதே தில்லியில் நடந்த ஆண்டு அது.

அக்காலத்தில் இங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி என்னவாக இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மாநில மொழித் திரைப்படம் ஒன்றைத் தேசிய ஒளிபரப்பில் காட்டுவார்கள். ஒவ்வொரு மொழிக்கும் முறை வரவேண்டும். தமிழின் முறை வருவதற்குப் பல வாரங்கள் காத்திருப்போம். அந்த நாள் வந்ததும் பெட்டி உள்ள வீட்டில் பெட்டி இல்லாத வீடுகள் எல்லாம் கூடிவிடும். சிறிய பெட்டி, அதன் முன் முப்பது பேர். குழந்தைகள் தரையில், பெரியவர்கள் கட்டிலில், இடம் கிடைக்காதவர்கள் வாசற்படியில். படம் மங்கலாக இருந்தது என்று ஒருவரும் குறை கூறியதில்லை. தமிழ் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. திரை பெரிதாகிவிட்டது, பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். முப்பது பேர் பார்த்த சிறு பெட்டியின் இடத்தில், மூன்று பேர் பார்க்கும் பெரிய திரை வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வசதி வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் திரை யாருக்காக வாங்கப்படுகிறது என்ற கேள்வியை நாம் மறந்துவிட்டோமோ என்பதே என் ஐயம். நான் மறந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019 இல் என் தந்தையார் மறைந்தபின், மாயவரத்தில் தனியாக இருந்த என் தாயாரை இங்கு அழைத்து வந்தேன். எண்பதைக் கடந்தவர். இந்தி அறியார். கீழே பூங்காவில் மாலையில் கூடும் மூதாட்டிகள் அன்பாகத்தான் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்புக்கு மேல் பேச்சு நகராது. நானும் என் மனைவியும் வெளியே சென்றுவிட்டால், வீட்டில் அவரோடு தமிழில் பேசுவது அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். பழைய பெட்டி, 32 அங்குலம். அதன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தியும் பட்டிமன்றமும் பழைய பாட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

2021 தீபாவளிக்குத் தாயாருக்குப் பெரிய திரையாக ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று ஆசை கொண்டேன். கடைக்குச் சென்றேன். சுவர் முழுவதும் திரைகள். கடலுக்கடியில் வண்ண மீன்கள், பனிமலை, பூந்தோட்டம். 65 அங்குலத் திரை ஒன்றின் முன் நின்றபொழுது, மற்றவை எல்லாம் சிறுபிள்ளைகளின் பலகைபோலத் தோன்றின. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும்தான் அதை வைக்க இடமில்லை என்று தெரிந்தது. எங்கள் ஷோகேஸின் அகலம் 4 அடி. திரையின் அகலமோ ஏறத்தாழ 4 அடி 9 அங்குலம். எனவே ஷோகேஸுக்கு மேலே, சுவரில் உயரமாக மாட்டினோம். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

தாயார் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு அறைக்குள் சென்று படுத்துக்கொள்ளத் தொடங்கினார். "ஏம்மா, படம் பார்க்கவில்லையா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குப்பா, எனக்குத்தான் தூக்கமா வருது" என்பார். நானும் முதுமை என்று எண்ணியிருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்த என் பேத்திதான் உண்மையைக் கண்டுபிடித்தாள். "பெரிய பாட்டிக்குப் பேச்சே கேட்கலை தாத்தா. கழுத்தும் வலிக்குதாம். உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க" என்றாள்.

அன்பர்களே! தாயாருக்காக என்று சொல்லி வாங்கிய பெட்டி, அவருக்கிருந்த ஒரே பேச்சுத் துணையையும் பறித்துவிட்டது. அன்று முதல் இப்பொருளைப் படித்தேன், அளந்தேன், கேட்டறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இனிச் சொல்லப்போகிறேன்.

முதலாவது, அளவு. திரையின் அளவு என்று கடைக்காரர் சொல்வது அகலமும் அன்று, உயரமும் அன்று. மூலைக்கு மூலை உள்ள நீளம். விளம்பரங்களில் சென்டிமீட்டரிலும் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது அகலம். இன்றைய திரைகளின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அதன்படி 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். 50 அங்குலத்திற்கு 111. 55 அங்குலத்திற்கு 122. 65 அங்குலத்திற்கு 144. அதாவது 4 அடிப் பலகையில் 55 அங்குலத் திரையே விளிம்புக்கு விளிம்பு வந்துவிடும். பெட்டியின் இரண்டு கால்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பல பெட்டிகளின் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால் சிறிய மேசையில் நிற்பதில்லை.

அகலத்தை அறிந்தபின் தொலைவை அளக்கவேண்டும். நாம் உட்காரும் இடத்தில் கண் இருக்கும் புள்ளியிலிருந்து திரைவரை எத்தனை அங்குலம் என்று நாடாவால் அளந்து, அதை 1.6 ஆல் வகுத்துவிடுங்கள். வருவது பொருத்தமான திரை அளவு. திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தை அடைக்கவேண்டும் என்ற கணக்கில் பிறந்தது இவ்விதி. 6 அடித் தொலைவுக்கு 43 அங்குலம் போதும். 7 அடிக்கு 50, 8 அடிக்கு 55, 9 அடிக்கு 65. திரைப்படமே பெரிதும் பார்ப்பவர்கள் இதற்கும் சற்றுப் பெரிதாக வாங்கலாம். கொட்டகையில் பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் நாள்தோறும் செய்தியும் தொடரும் பார்க்கும் வீட்டில், அதிலும் முதியவர் உள்ள வீட்டில், இந்த அளவே கண்ணுக்கு இதமானது. என் வீட்டில் தொலைவு 7 அடிதான். நான் வாங்கியது 9 அடி அறைக்குரிய திரை. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

எளிய உபாயம் ஒன்று சொல்கிறேன். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்கக் கருதும் திரையின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்து, இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். கடைக்காரர் ஒரு மணி நேரம் பேசினாலும் விளங்காதது அந்தத் தாளால் விளங்கிவிடும். செலவும் இல்லை.

இரண்டாவது, உயரம். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டமும் திரையின் நடுப்பகுதியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து மூன்றரை அடி அளவில் வரும். கடவுள் படத்தைத்தான் அண்ணாந்து பார்க்கவேண்டும், தொலைக்காட்சியை அன்று. அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தால் இளைஞர்களுக்கே கழுத்து நோகும். எண்பது வயதுக்காரரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? திரைக்கு நேர் எதிரே சன்னலோ பால்கனிக் கதவோ இருக்கக்கூடாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பிற்பகல் வெயில் தாழ்ந்து வந்து அறைக்குள் விழும்பொழுது, திரையில் படம் தெரியாது. நம் முகம்தான் தெரியும்.

மூன்றாவது, புள்ளிகள். திரையில் நாம் காணும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. முழு எச்.டி. எனப்படும் திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே என்று விற்கப்படும் திரையில் 3840க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம். நான்கு மடங்கு. ஆகையால் நான்கு மடங்கு தெளிவு என்று கடைக்காரர் கூறுவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடாதீர்கள். நல்ல கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 55 அங்குலத் திரையை 7 அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணக் கண் அறிவது அரிது. இன்று பெரிய திரைகள் பெரும்பாலும் 4கேயாகவே வருவதால் அதை விலக்க வேண்டியதில்லை. 8கே என்று அதற்கும் மேலே ஒன்று உண்டு. அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுப்பது நம்போன்ற குடும்பங்களுக்குத் தேவையற்ற செலவு.

தமிழர்களாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. டிஷ் வழியாகவோ கேபிள் வழியாகவோ நாம் பெறும் தமிழ்ச் சேனல்களில் பல, சாதாரணத் தரத்தில் வருபவை. அப்படத்தில் இருப்பவை 720க்கு 576. ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். அந்த 4 லட்சத்தை 83 லட்சம் புள்ளிகள் உள்ள திரையில் விரிக்கும்பொழுது என்ன ஆகும்? ஒரு படி மாவை இருபது வீட்டுக்குப் பகிர்ந்தாற் போலத்தான். பெட்டி தானே ஊகித்து இடைவெளியை நிரப்புகிறது. படம் பஞ்சுபோல் மங்குகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த மங்கல் மேலும் தெளிவாகத் தெரியும்! 32 அங்குலத்தில் அழகாக இருந்த செய்தி வாசிப்பவரின் முகம் 65 அங்குலத்தில் கலங்கிப் போனதற்குக் காரணம் இதுவே. எனவே பெரிய திரை வாங்குபவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் தமிழ்ச் சேனல் எச்.டி. தரத்தில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்து, கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 2019 முதல் வேண்டிய சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாராத இருபது சேனலை விட்டு, பார்க்கும் நான்கு சேனலை நல்ல தரத்தில் வாங்குவது அறிவுடைமை.

நான்காவது, திரையின் வகை. பெயர்கள் பல, அடிப்படை இரண்டே. ஒன்று, பின்னால் விளக்கு எரிய, முன்னால் உள்ள திரவப் படிகத் திரை ஒளியைத் திறந்தும் மூடியும் படம் காட்டுவது. எல்.இ.டி. என்றும், கியூ.எல்.இ.டி. என்றும், மினி எல்.இ.டி. என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே. கியூ.எல்.இ.டி.யில் வண்ணத்தைச் செறிவாக்கும் ஒரு படலம் கூடுதலாக உண்டு. மினி எல்.இ.டி.யில் பின்விளக்குகள் பல சிறு விளக்குகளாகப் பிரிக்கப்பட்டு, இருண்ட இடத்தில் அணைந்தும் ஒளிர்ந்த இடத்தில் எரிந்தும் தனித்தனியே இயங்கும். இரண்டாவது வகை ஓ.எல்.இ.டி. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி வீசும், பின்விளக்கு இல்லை. கருமை உண்மையான கருமையாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வண்ணம் மாறாது. இருட்டறையில் திரைப்படம் பார்க்க இதற்கு நிகர் இல்லை. விலை மிகுதி. அன்றியும், ஒரே உருவம் நெடுநாள் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால் அதன் தடம் திரையில் படிந்துவிடக்கூடும். காலை முதல் இரவுவரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே உள்ள செய்திப் பட்டையும் இவ்வாறு தடம் பதிக்கலாம். அத்தகைய வீட்டுக்கும், பகல் வெளிச்சம் நிறைந்த அறைக்கும் முதல் வகையே ஏற்றது.

முதல் வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. சில திரைகள் நேரெதிரே இருந்து பார்த்தால் கருமை நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் சென்றால் வண்ணம் வெளிறிவிடும். அவற்றை வி.ஏ. என்பார்கள். வேறு சில, கருமையில் சற்றுக் குறைந்தாலும் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரியும். அவற்றை ஐ.பி.எஸ். என்பார்கள். குடும்பத்தில் எல்லோரும் நேரெதிரே உட்காருவதில்லை. நல்ல இருக்கையில் வீட்டுத் தலைவரும் பிள்ளைகளும் அமர, பெரியவருக்குச் சாய்வு நாற்காலி ஓரத்தில்தான் கிடைக்கிறது. என் வீட்டிலும் அவ்வாறே இருந்தது. ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்காகத் திரையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இருப்பவருக்கு அது தானாகவே நன்றாக அமைந்துவிடும்.

ஐந்தாவது, கடையில் பார்க்கும் முறை. தாய்மார்களே, இதில் நீங்கள்தாம் எங்களுக்கு ஆசிரியர்கள். புடவை வாங்கும்பொழுது கடை விளக்கின் கீழ்க் கண்ட நிறத்தை நீங்கள் நம்புவதில்லை. வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள். ஐந்தாயிரம் ரூபாய்ப் புடவைக்குக் காட்டும் எச்சரிக்கையை ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு நாங்கள் காட்டுவதில்லை! கடையில் திரைகளை மிகுந்த பிரகாசத்தில், நீலம் ஓங்கிய வண்ணத்தில் வைத்திருப்பார்கள். அதில் ஓடுவதோ அதற்கென்றே எடுக்கப்பட்ட மீனும் மலையும். நீங்கள் தயங்காமல், "இதை வீட்டுக்குரிய அமைப்பில் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். 'ஹோம்', 'சினிமா' என்ற பெயர்களில் அவ்வமைப்பு இருக்கும். பிறகு ஒரு செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். இரவுக் காட்சி ஒன்றைப் பாருங்கள். இருட்டில் நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று நோக்குங்கள். பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்து நின்று பாருங்கள். கிரிக்கெட் பந்து ஓடும்பொழுது வால் முளைத்தாற் போல் தெரிகிறதா என்றும் காணுங்கள். இவ்வளவும் செய்யப் பத்து நிமிடம் ஆகாது.

ஆறாவது, ஒலி. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ஏனெனில் என் தாயாரைத் திரையிலிருந்து விரட்டியது இதுவே. பழைய பெட்டிகள் கனமானவை. அவற்றின் ஒலிபெருக்கி முகத்தை நோக்கிப் பேசியது. இன்றைய தட்டைத் திரைகளில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பலவற்றில் அது அடிப்பக்கத்தையோ பின்பக்கத்தையோ நோக்கி அமைந்திருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பி வரும் பேச்சு குழம்பிப்போகிறது. முதுமையில் செவித்திறன் குறையும்பொழுது, முதலில் குறைவது மெல்லிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். சகரம், தகரம் போன்ற எழுத்துகளைத் தெளிவாக்குபவை அவ்வொலிகளே. ஆகவே முதியவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். பின்னணி இசைதான் கூடுகிறது. அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

இதற்கு மாற்று உண்டு. சவுண்ட்பார் எனப்படும் நீண்ட ஒலிபெருக்கி ஒன்றைத் திரைக்குக் கீழே வைத்தால், ஒலி பார்ப்பவரின் முகத்தை நோக்கி வரும். பேச்சைத் தனியே தெளிவாக்கும் அமைப்பு அதில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். திரையில் ஏ.ஆர்.சி. என்று குறிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், ஒரே கம்பியில் இணைத்து ஒரே ரிமோட்டில் இயக்கலாம். என் உறுதியான கருத்தைச் சொல்கிறேன்: உங்கள் கையில் உள்ள பணத்திற்கு 65 அங்குலத் திரை மட்டும் கிடைக்கும் என்றால், 55 அங்குலத் திரையும் ஒரு நல்ல ஒலிபெருக்கியும் வாங்குங்கள். பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

ஏழாவதாகச் சில சில்லறைச் செய்திகள். ஸ்மார்ட் என்னும் வசதிக்காகவே விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். நல்ல திரை பத்தாண்டு உழைக்கும். அதன் உள்ளே உள்ள மென்பொருள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும். அப்பொழுது சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் பெட்டி மீண்டும் இளமை பெறும். திரையை மாற்ற முடியாது, மூளையை மாற்றலாம்.

வரியைப் பொறுத்தவரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 18 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைவு விலையில் தெரிகிறதா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவுக்கு நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். 120 வாட் இழுக்கும் திரை நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட் ஆகும். உத்தரவாதம் திரைக்கும் உண்டா, பழுது பார்க்க வீட்டுக்கு வருவார்களா என்பதை எழுத்தில் பெறுங்கள். இடி மின்னல் காலத்தில் மின் இணைப்பையும் டிஷ் கம்பியையும் கழற்றிவிடுங்கள். திரையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

இன்னும் ஒன்று, உத்தியோகத்தில் உள்ள இளைஞர்களுக்கு. நம் வாழ்க்கை மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டது. இன்று தில்லி, நாளை நாகபுரியோ கௌஹாத்தியோ! பெரிய திரையைப் படுக்க வைத்து லாரியில் ஏற்றினால் உடைந்துதான் போய்ச் சேரும். நிமிர்த்தியே எடுத்துச் செல்லவேண்டும். அதற்கு அது வந்த அட்டைப்பெட்டியும் உள்ளிருந்த வெண்மை நுரைக் கட்டைகளும் வேண்டும். வாங்கிய மறுநாளே அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரணில் இடமில்லை என்று வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் குவார்ட்டர்ஸ் சிறியதாக இருக்கலாம் என்பதையும் எண்ணித் திரையின் அளவை முடிவு செய்யுங்கள்.

இனி, என் வீட்டுக் கதையின் முடிவைச் சொல்லி அமர்கிறேன். பெட்டியைத் திருப்பித் தர முடியவில்லை. ஆதலால், பெட்டிக்காக வீட்டை மாற்றினேன். ஷோகேஸை உள்ளறைக்குத் தள்ளினோம். தாழ்ந்த மேசை ஒன்று செய்வித்துத் திரையைக் கண்மட்டத்துக்கு இறக்கினோம். சவுண்ட்பார் ஒன்று வாங்கினேன். தமிழ்ச் சேனல்களில் கிடைத்தவற்றை எச்.டி.க்கு மாற்றினேன். ஓரத்திலிருந்த சாய்வு நாற்காலியை நடுவில் போட்டோம். நான் ஓரத்துக்குப் போனேன். முன்பே ஒரு நாடாவை எடுத்து அளந்திருந்தால் இத்தனை செலவும் மிச்சம்; எட்டு மாதம் ஒரு முதியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த துன்பமும் மிச்சம். பணத்தை மறந்துவிட்டேன், இரண்டாவதை மறக்க இயலவில்லை.

இப்பொழுது மாலையில் நான் வீடு திரும்பும்பொழுது, படிக்கட்டிலேயே பட்டிமன்றத்தின் குரல் கேட்கிறது. உள்ளே நுழைந்தால், "நடுவர் சொன்னது தப்பு" என்று தாயார் என்னிடம் வழக்குத் தொடுக்கிறார். அவருக்குப் பேசப் பொருள் கிடைத்துவிட்டது. எனக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

பெரியோர்களே! தாயகத்திலிருந்து ஆயிரம் கல்லுக்கு மேல் தள்ளி வாழும் நமக்குத் தொலைக்காட்சி, பொழுதுபோக்குக் கருவி மட்டும் அன்று. நம் முதியவர்களுக்கு அது பேச்சுத் துணை. பள்ளியிலும் தெருவிலும் வேறு மொழி பேசும் நம் குழந்தைகளுக்கு அது தமிழ் காதில் விழும் திண்ணை. ஆகவே அதை வாங்கப் புறப்படும்பொழுது, வருவோர் மெச்சும் அளவு எது என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் கண் மங்கியவர் யார், செவி மந்தமானவர் யார், ஓரத்து நாற்காலியில் உட்காருபவர் யார் என்று எண்ணிக்கொண்டு, கையில் ஒரு நாடாவோடு புறப்படுங்கள். இயன்றால் அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் "தெரிகிறது, கேட்கிறது" என்று சொல்லும் பெட்டியே உங்கள் வீட்டுக்குரிய பெட்டி.